தோன்றா எழுவாய்

பிப்ரவரி 19, திங்கள்

பூனைக்குச் சர்க்கரை வியாதி. அறுபத்தாறு வயதில் ஒரே ஒரு பிரஷர் மாத்திரையோடு நான் தப்பித்துக்கொண்டிருக்க, ஒன்பது வயதுப் பூனைக்கு வந்திருக்கிறது. கால்நடை மருத்துவமனையில் ஒரு சினைப்பசுவுக்கும் மூன்று ஆடுகளுக்கும் நடுவே, கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் காத்திருந்து வாங்கி வந்த செய்தி இது. காது ஓரத்தில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், கருவியில் 432.

"நிறையத் தண்ணி குடிக்கிறான், அடிக்கடி ஒண்ணுக்குப் போறான், சாப்பிட்டும் இளைக்கிறான், பின்னங்கால்ல குதிகால ஊனி நடக்கிறான். எல்லாம் சுகர்தான் சார்," என்றார் டாக்டர் நிலோஃபர். சின்ன வயசு. ஆனால் மாட்டையே அதட்டி நிறுத்துகிற குரல். "காலைல ஏழு, சாயங்காலம் ஏழு. சாப்பிட்டதும் ரெண்டு யூனிட் இன்சுலின். நேரம் தவறக் கூடாது. ஒரு நோட்டுப் போட்டு எல்லாத்தையும் எழுதிக்கிட்டு வாங்க."

"எவ்வளவு நாளைக்கு?"

"அவன் இருக்கிற வரைக்கும். நல்லாப் பாத்துக்கிட்டா சில பூனைக்கு ஊசியே தேவைப்படாமக்கூடப் போகும்." அப்புறம் விரலை உயர்த்திச் சொன்னார்: "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. போட்டோமா இல்லையான்னு சந்தேகம் வந்தா போடாதீங்க. ஒரு வேளை விட்டுப்போனாப் பரவாயில்ல. ரெண்டு தடவ போட்டா உயிருக்கே ஆபத்து."

ஆகவே இந்த நோட்டு. உரக்கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி, ஒரு வரிகூட எழுதாமல் கிடந்தது. முப்பத்து நான்கு வருடம் கோப்பு எழுதிக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன்.

பூனை என்னுடையது இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன். என் மனைவி தையல்நாயகியின் தங்கை கனகத்தினுடையது. கல்யாணம் செய்துகொள்ளாமல், பாபநாசத்தில் நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு தனியாக இருந்தவள். பூனைக்குத் துரை என்று பெயர் வைத்திருந்தாள். ஜனவரி 27 விடியற்காலையில் மாரடைப்பில் போய்விட்டாள். காரியம் முடிந்து திரும்பும்போது தையல் வேறு எதையும் எடுக்காமல் பூனையோடு இந்தக் கூடையை மட்டும் தூக்கிக்கொண்டு காரில் ஏறினாள்.

அன்றிலிருந்து தையல் என்னோடு பேசுவதில்லை. கனகத்திடமிருந்து வந்த ஒரு போன் விஷயம் தையலிடம் சொல்ல மறந்துபோயிற்று. தகவல் தெரிவிப்பதில் தாமதம் ஏற்பட்டுவிட்டது. அதற்குத்தான் இத்தனையும்.

வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர். மகன் துபாயில். இந்தப் பூனை என் பொறுப்பில் இருக்கும்போது செத்துத் தொலைந்தால், இந்த வீட்டில் எனக்கு இனி ஒரு வார்த்தை கிடைக்காது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

பிப்ரவரி 20, செவ்வாய்

காலை 7.10. சர்க்கரை 418. முதல் ஊசி. பிடரித் தோலைத் தூக்கிக் குத்தினேன். ஊசி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்து மருந்து முழுவதும் என் வேட்டியில் பாய்ந்தது. பூனை என்னைப் பார்த்த பார்வையில் எந்த மரியாதையும் இல்லை.

தையல் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "துரை, தோலக் கூடாரம் மாதிரி தூக்கிக்கிட்டு, ஊசியப் படுக்க வச்சுக் குத்தணும்னு சொல்லு," என்று பூனையிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இதுதான் இப்போது நடைமுறை. எனக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் பூனைக்குச் சொல்லப்படுகிறது. "துரை, சாம்பார் ஆறிப்போகுதுன்னு சொல்லு." "துரை, கேஸ் புக் பண்ணணும்." பூனை ஒன்றையும் எனக்குத் தெரிவிப்பதில்லை. நானே காது கொடுத்துக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

காலை ஊசி என் பொறுப்பு. அப்போது அவளுக்கு அடுப்பில் வேலை. மாலை ஊசி அவளுடையது. அவள் போட்டால் பூனை நகர்வதுகூட இல்லை.

பிப்ரவரி 22, வியாழன்

சோறு கூடாதாம். பால் கூடாதாம். கனகம் ஒன்பது வருடமாகத் தயிர்சாதமும் பால் பிஸ்கட்டும் கொடுத்து வளர்த்திருக்கிறாள். "கோழிக்கறி, உப்பில்லாம வேகவச்சு. அது மட்டும்தான்," என்கிறார் டாக்டர்.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக முட்டை நுழைந்ததில்லை.

அறுபத்தாறு வயதில் முதல்முறையாகக் கறிக்கடைக்குப் போனேன். தெரிந்தவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று தலையில் துண்டைக் கட்டிக்கொண்டேன். "என்ன சார், குழம்புக்கா, வறுவலுக்கா?" என்றான் கடைக்காரன். பூனைக்கு என்று சொன்னால் நம்ப மாட்டான் என்று தோன்றியது. "வறுவலுக்கு," என்றேன். "அப்ப தோலோட போடறேன், அப்பதான் ருசி," என்றான். தோல் வேண்டாம், எலும்பு வேண்டாம், சின்னச் சின்னதாக வேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல என்னை ஏற இறங்கப் பார்த்தான். என்ன மாதிரி வறுவல் என்று அவனுக்குப் புரிந்திருக்காது.

கொல்லைப்புறத்தில் பழைய மண்ணெண்ணெய் அடுப்பில் தனிச் சட்டியில் வேகவைத்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு கிளறினேன். பூனை இரண்டு வாய் தின்றுவிட்டு, தயிர்சாதம் வருமா என்று சமையலறையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

பிப்ரவரி 23, வெள்ளி

காலை 397. ஊசி போடப்பட்டது. கை கீறப்பட்டது.

பிப்ரவரி 27, செவ்வாய்

காலை 365, மாலை 340. ஆறு முறை தண்ணீர். ஒன்பது முறை சிறுநீர், அதில் ஒன்று என் செருப்பில்.

எங்கள் கல்யாணத்தின்போது எல்லோரும் பெயர்ப் பொருத்தத்தைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். நான் வைத்திலிங்கம், அவள் தையல்நாயகி. வைத்தீஸ்வரன் கோவில் சாமியும் அம்மனும் அப்படியே வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றார்கள். முப்பத்தொரு வருடம் கழித்து அந்த இரண்டு பேரும் ஒரு பூனையை நடுவில் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து வைத்தியம் பார்க்கிறார்கள்.

மார்ச் 2, சனி

காலை 322. இன்று ஒரு சண்டை. சண்டை என்றால் பூனையோடு அவள் போட்டது.

"துரை, தண்ணித் தொட்டிக்கு மோட்டார் போட்டாச்சான்னு கேளு."

"ஆச்சு," என்றேன்.

பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் போய்ப் போடத்தான் இருந்தேன். அதற்குள் அவள் குழாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. குழாயை மூடிவிட்டு அவளே போய் மோட்டாரைப் போட்டாள்.

இதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆச்சு என்றால் ஆகப்போகிறது என்று அர்த்தம். அலுவலகத்தில் மேலதிகாரி "அந்தக் கோப்பு அனுப்பியாச்சா?" என்றால் "ஆச்சு சார்" என்று சொல்லிவிட்டு, இடத்துக்கு வந்து அனுப்புவோம். எல்லோரும் அப்படித்தான். அவருக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி. முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு கோப்பும் அனுப்பப்படாமல் நின்றதில்லை.

தையல் தமிழாசிரியை. கல்யாணமான புதிதில் என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பாள். "உங்க வாக்கியம் ஒண்ணுலயும் எழுவாயே இல்லையே. ஆச்சு, போச்சு, முடிஞ்சுது. யார் செஞ்சா? எல்லாமே தோன்றா எழுவாய்," என்பாள். அப்போது அது கிண்டல். எனக்கும் அது பிடித்திருந்தது.

மார்ச் 7, வியாழன்

ஓய்வூதியர் சங்கச் செயலாளர் கோவிந்தராசு கறிக்கடையில் என்னைப் பார்த்துவிட்டார். தலைத்துண்டு ஒரு பயனும் தரவில்லை. "தலைவரே, நீங்களா?" என்றார். பூனைக்குச் சர்க்கரை என்றேன். "சரி, சரி," என்று கண்ணைச் சிமிட்டினார். அவர் வாங்க வந்தது ஆட்டு ஈரல். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று எனக்கே சத்தியம் செய்து கொடுத்தார்.

காலை 290.

மார்ச் 12, செவ்வாய்

காலை 7.05. சர்க்கரை 274. ஊசி போடப்பட்டது.

தையல் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். பூனை தூங்குகிறது. அந்தப் போன் விஷயத்தை ஒழுங்காக எழுதி வைத்துவிடுவது நல்லது.

ஜனவரி 25, வியாழன், பகல் பதினொன்றரை மணிக்குக் கனகத்திடமிருந்து அழைப்பு வந்தது. தையலின் போன் திரை உடைந்து கடையில் இருந்ததால் என் எண்ணுக்கு வந்தது. உடம்பு சரியில்லை, அக்காவை வரச் சொல்லவும் என்று தெரிவிக்கப்பட்டது. மறுநாள் குடியரசு தினம். சங்கத்துக்கு நான் தலைவரான முதல் வருடம். கொடியேற்றம் முடிந்து இருபது பேருக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு. அந்த நெருக்கடியில் தகவல் மறந்துபோயிற்று. மாலை ஆறு மணிக்கு மறுபடியும் அழைப்பு. "சொல்லியாச்சா அத்தான்?" என்று கேட்கப்பட்டது. "ஆச்சு" என்று பதிலளிக்கப்பட்டது.

சனிக்கிழமை காலை சாவு வீட்டில், பக்கத்து வீட்டு ரெஜினா தையலின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அக்காகிட்ட சொல்லியாச்சாம், அக்கா வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போறேன்னுச்சு. நாங்க கூப்பிட்டதுக்கும் வரல. நேத்துப் பூரா வாசலயே பாத்துக்கிட்டு உக்காந்திருந்துச்சு." தையல் திரும்பி என்னைப் பார்த்தாள். "போன் வந்துச்சா?" என்றாள். "வந்துச்சு. மறந்துபோச்சு," என்றேன். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகக் கேட்ட கேள்வி.

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். காலையில் மறந்தது சரி, மாலையில் அவளே ஞாபகப்படுத்தினாளே, அதற்குப் பிறகும் எப்படி மறந்தது என்று தணிக்கைக்காரன் யாராவது கேட்டால் என்ன பதில் எழுதுவது? கோழிக்கறி தீய்ந்த வாசனை வந்தது. எழுந்து போனேன்.

மார்ச் 16, சனி

காலை 214. மாலை 198. இருநூறுக்குக் கீழே முதல்முறை. பின்னங்கால் இப்போது கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது. டிவி பெட்டி மேல் ஏறி, அங்கிருந்த என் பிரிவுபசாரக் கேடயத்தைத் தள்ளி உடைத்தது. தையல் சிரித்தாள். இரண்டு மாதத்தில் முதல் சிரிப்பு. கேடயம் போனது பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 21, வியாழன்

காலை 181. சனியன், இப்போது ஆறே முக்காலுக்கே வந்து என் காலடியில் உட்கார்ந்து காதைக் காட்டுகிறது. முதலில் குத்தினால்தான் பிறகு கறி என்று கண்டுபிடித்துவிட்டது.

டாக்டர் நோட்டைப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லாப் பாத்துக்கிறீங்க சார்," என்றார். இதையும் பூனையிடம் சொன்னேன், தையலின் காதில் விழுகிற மாதிரி. "துரை, நல்லாப் பாத்துக்கிறதா டாக்டர் சொன்னாங்க." தையல் விடைத்தாளிலிருந்து நிமிரவில்லை.

இதற்கு மேல் நான் என்ன செய்ய வேண்டும் என்று யாராவது சொன்னால் தேவலை. கறிக்கடைக்குப் போகிறேன். மூத்திரத்தை அளக்கிறேன். முப்பத்தொரு நாள் ஒரு காலைகூடத் தவறவில்லை. தண்டனைக்கு ஒரு கால வரம்பு வேண்டாமா? அலுவலகத்தில் லஞ்சம் வாங்கியவனுக்கே ஆறு மாதம்தான் தற்காலிகப் பணிநீக்கம்.

மார்ச் 27, புதன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலை 7.05. சர்க்கரை 152. கறி சாப்பிட்டது. ஊசி போடப்பட்டது.

ஏழரைக்குத் தையல் கூடத்துக்கு வந்தாள். பத்தாம் வகுப்புப் பரீட்சை மேற்பார்வைக்குப் போகிற அவசரம். "துரை, ஊசி போட்டாச்சான்னு கேளு," என்றாள்.

"ஆச்சு," என்றேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஒரு நிமிடம் அங்கேயே நின்றாள். நான் பையை எடுத்துக்கொண்டு கறிக்கடைக்குக் கிளம்பினேன். திரும்பி வந்தபோது அவள் புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

பத்து நாற்பதுக்குப் பூனை பீரோவுக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. நடை சரியில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுவரில் மோதி உட்கார்ந்தது. "துரை," என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. கண் திறந்திருந்தும் எதையும் பார்க்கவில்லை. முன்னங்கால் வெட்டி வெட்டி இழுத்தது. காதில் குத்திப் பார்த்தேன்: 39.

டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார், இறங்கினால் தேனை ஈறில் தடவச் சொல்லி. தேன் பாட்டில் மூடி திறக்கவில்லை. அம்மிக்கல்லில் தட்டிக் கழுத்தை உடைத்தேன். விரலில் தொட்டு அவன் வாய்க்குள் தடவினேன். பல் பட்டு ரத்தம் வந்தது, யாருடைய ரத்தம் என்று தெரியவில்லை. ஆட்டோவில் ஏறி, துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, வழி முழுக்கத் தடவிக்கொண்டே போனேன். சட்டை, வேட்டி, ஆட்டோ சீட் எல்லாம் தேன். "சாகாதடா," என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறேன். ஆட்டோக்காரர்தான் பிறகு சொன்னார்.

டாக்டர் நிலோஃபர் முன்னங்காலில் மயிரை மழித்து ட்ரிப்ஸ் ஏற்றினார். ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ரெண்டு தடவ போட்டீங்களா சார்?"

"இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வயசானவங்க மறந்துட்டு மறுபடி போடறது உண்டு. தப்பில்ல."

"ஒரே தடவதான். ஏழு அஞ்சுக்கு."

நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார். "எல்லாத்துலயும் 'ஊசி போடப்பட்டது'ன்னே இருக்கே. யார் போட்டதுன்னு எங்கயுமே இல்லையே சார். நீங்களா, அம்மாவா?"

நோட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். நான் ஒருமுறைதான் போட்டேன் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பத்து நிமிடம் கழித்து எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பரீட்சை மேற்பார்வையில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறேன் என்று அவள் எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். ஒன்று நாற்பதுக்குக் கூப்பிட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

இரண்டு மாதம் கழித்து எனக்கென்று கேட்கப்பட்ட கேள்வி. அதை அனுபவிக்கிற நிலையில் நான் இல்லை.

"ஆஸ்பத்திரியில. துரைக்குச் சுகர் முப்பத்தொம்பதுக்கு இறங்கிடுச்சு. ட்ரிப்ஸ் ஏறுது. ரெண்டு தடவ போட்டிருக்கும்ங்கிறாங்க. நான் ஒரு தடவதான் போட்டேன் தையல், சத்தியமா."

பின்னால் பிள்ளைகளின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"நானும் போட்டேன்," என்றாள்.

"எப்ப?"

"நீங்க கடைக்குப் போனப்ப."

"ஆச்சுன்னு சொன்னேனே."

"ஆமா. ஆச்சுன்னு சொன்னீங்க."

"சந்தேகமா இருந்தா போடக் கூடாதுன்னு டாக்டர் அன்னைக்கே..."

"எனக்குச் சந்தேகமே இல்லைங்க," என்றாள். "நீங்க போட்டிருக்க மாட்டீங்கன்னு நிச்சயமாத் தெரிஞ்சுது."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். நியாயமாகப் பார்த்தால் இன்று தப்பு என் பக்கம் இல்லை. முப்பத்தேழு நாளாகத் தவறாமல் செய்த வேலையை, இன்றும் நேரத்துக்குச் செய்த வேலையை, செய்தேன் என்று சொன்னேன். உண்மையைச் சொன்னேன். அந்த உண்மை அந்தப் பூனையைக் கொல்லப் பார்த்திருக்கிறது. கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் கன்றுக்குட்டியோடு உட்கார்ந்திருந்த பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போயிடுச்சா சாமி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

இரண்டரைக்குத் தையல் வந்தாள். அப்போது 96. துரை தலையைத் தூக்கி அவளைப் பார்த்துக் கத்தினான். அவள் என் சட்டையையும், விரலில் சுற்றியிருந்த கட்டுத் துணியையும் பார்த்தாள்.

மார்ச் 28, வியாழன்

வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. இரண்டு யூனிட் இனி ஒரு யூனிட். ஃபிரிட்ஜ் கதவில் தையல் ஒரு தாளை ஒட்டியிருக்கிறாள். தேதி, நேரம், சர்க்கரை, யூனிட். கடைசிக் கட்டத்தில் கையெழுத்து. காலைக் கட்டத்தில் போட்டேன். அலுவலகத்தில்கூட இவ்வளவு கவனமாகக் கையெழுத்துப் போட்டதில்லை.

மார்ச் 30, சனி

காலை 140. நான் ஒரு யூனிட் போட்டேன்.

மார்ச் 12-ஆம் தேதிப் பக்கத்தை எடுத்து மறுபடி படித்தேன். "தகவல் மறந்துபோயிற்று" என்ற வரியை அடித்தேன். "தகவல் தெரிவிக்கப்படவில்லை" என்று எழுதினேன். அதையும் அடித்தேன். அரை மணி நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுதியது இது:

நான் மறக்கவில்லை. நான் தையலிடம் சொல்லவில்லை.

மார்ச் 31, ஞாயிறு

இன்று மத்தியானம் சொன்னேன். அவள் கூடத்தில் தரையில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். துரை அவள் முழங்காலில் முதுகைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். நான் எதிரே நாற்காலியில் உட்காரப் போய், உட்காராமல் கீழே தரையில் உட்கார்ந்தேன். முட்டி வலித்தது.

"தையல், எனக்கு மறந்துபோகல," என்றேன். "கனகம் போன் பண்ணினது எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. சொன்னா நீ உடனே பஸ் ஏறிடுவ. வெள்ளிக்கிழமை இருபது பேரு சாப்பிட வர்றாங்க, நான் தலைவரு, வீட்ல நீ இல்லன்னா என் கௌரவம் என்ன ஆகும்னு யோசிச்சேன். அவ எப்பவும் அங்க வலிக்குது இங்க வலிக்குதுன்னு சொல்றவதானே, ஒரு நாள்ல என்ன ஆயிடப்போகுதுன்னு நினைச்சேன். நான்தான் சொல்லல. சாயங்காலம் அவ கேட்டப்ப, சொல்லியாச்சுன்னு பொய் சொன்னதும் நான்தான். வெள்ளிக்கிழமை எல்லாரும் போனதுக்கு அப்புறமும் சொல்லியிருக்கலாம். பாத்திரமெல்லாம் கிடந்துச்சு. காலைல சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்."

கத்தி நின்றது. அவள் அழுவாள் என்று நினைத்தேன், அல்லது கத்துவாள் என்று. இரண்டுக்கும் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் வெண்டைக்காய்த் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"அவ என்ன சொன்னா?" என்றாள்.

"உடம்பு முடியல, உன்ன வரச் சொல்லணும்னு..."

"அது இல்ல. அது ரெஜினாவே சொல்லிட்டா. மறந்துபோச்சுன்னு சொல்ற மனுசன்கிட்ட என்னத்தக் கேக்கறதுன்னு ரெண்டு மாசமாக் கேக்காம இருக்கேன். உங்களுக்குத்தான் ஞாபகம் இருக்கே. அவ சொன்னத அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கனகம் அவளுக்கென்று சொல்லி அனுப்பிய கடைசி வார்த்தைகள் என்னிடம் இருக்கின்றன. வேறு யாரிடமும் இல்லை. இவ்வளவு நாளும் அதை மறந்துபோனதாகச் சொல்லி நான் வைத்துக்கொண்டிருந்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்.

"அத்தான், அக்கா போன் எடுக்கலையே, பள்ளிக்கூடத்துலயா? எனக்கு நெஞ்செல்லாம் ஒரு மாதிரி அடைக்குது, ராத்திரி படுக்கவே முடியல. அக்காவ நாளைக்கு வரச் சொல்லுங்க. பயப்பட ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க, இல்லன்னா வழியெல்லாம் அழுதுக்கிட்டே வருவா. வரும்போது வீட்டு மாவு ஒரு டப்பா கொண்டாரச் சொல்லுங்க அத்தான். இங்க கடை மாவு வாயில வைக்க முடியல. துரையே மோந்து பாத்துட்டுப் போயிடறான்."

"சிரிச்சாளா?" என்றாள் தையல்.

"மாவுன்னு சொல்றப்ப சிரிச்சா. சிரிச்சதும் இருமல் வந்துச்சு."

தையலின் முகம் கோணிக்கொண்டு போயிற்று. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். துரை விழித்து, எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, மறுபடி தூங்கப் போனான்.

"இன்னொரு தடவ சொல்லுங்க," என்றாள்.

சொன்னேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. மறுபடி கேட்டாள், மறுபடியும் சொன்னேன். நான்காவது முறை, வழியெல்லாம் அழுதுக்கிட்டே வருவா என்ற இடத்தில் எனக்குக் குரல் நின்றுவிட்டது. மீதியை அவளே சொல்லி முடித்தாள்.